கேட்டது கிடைக்காதவளின் சாட்சி

வேலை கிடைத்தவன் முன்னே வரலாம். காய்ச்சல் விட்டவள் முன்னே வரலாம். கல்யாணம் கூடியவர்கள், பரீட்சையில் தேறியவர்கள், புது வீடு புகுந்தவர்கள் எல்லாரும் வரலாம். மேடைக்கு இடப்புறம் நின்று, மைக்கைப் பிடித்து, ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தலாம். இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களோ உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சபையில் இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டமாகையால் அதை அழிப்பதற்கும் வழியில்லை! பெற்றவன் நின்றான், பெறாதவன் உட்கார்ந்தான். பெறாதவனின் பெயரைப் போதகர் வாராவாரம் விண்ணப்பங்களில் வாசிப்பார். சபை "ஆமென்" என்னும். அடுத்த பெயருக்குப் போய்விடும்.

எல்லாரும் ஸ்பேனர் என்று கூப்பிடுகிறவனின் பெயர் அந்த விண்ணப்பங்களில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், மேலே மோட்டாரைச் சரிசெய்தபடியே வேடிக்கை பேசி, அவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வரும்படி செய்துவிடுவான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் அவன் வாய் ஓயவில்லை. மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையில், குழாய்கள் செருகிய கையை நீட்டிச் சாய்ந்துகொண்டு, "நர்ஸம்மா, இதுவும் லிஃப்ட்தான். ரத்தத்தை மேல ஏத்துது, கழுவி இறக்குது. வருஷாந்திர சர்வீஸ் பண்ணீங்களா?" என்று கேட்பான். பக்கத்து நாற்காலிக்காரர்களும் தங்கள் ஊசிவலியை மறந்து சிரிப்பார்கள்.

அவனுடைய அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தாள். ரத்தம் பொருந்திற்று. அடுத்தடுத்த பரிசோதனைகளும் பொருந்தின. சபை கைதட்டியது. ஸ்பேனரின் மனைவி, உடுப்புப் பட்டறையில் காலர் தைப்பவள், மாலைதோறும் கணவனோடு கட்டிலோரம் முழங்காலிட்டு அந்த ஒன்றையே கேட்டாள். அவனும் அவளோடு குரல் சேர்த்துக் கேட்டான். கடைசிப் பரிசோதனையில் இடி விழுந்தது. அக்காவுக்கே சர்க்கரை நோய் தொடங்கியிருந்தது. "உங்களுடையதை எடுத்தால், ஒரு நாள் நீங்களும் இதே நாற்காலியில் வந்து உட்காருவீர்கள்" என்று மருத்துவர் மறுத்துவிட்டார்.

அன்று மாலை மனைவி கட்டிலோரம் முழங்காலிட்டாள். அவன் வரவில்லை.

"என்னங்க, ஜெபம் பண்ணலாம், வாங்க."

"நீ பண்ணு."

"சேர்ந்துதானே பண்ணுவோம்?"

"கேட்டுக் கேட்டு என் நாக்கு தேஞ்சுபோச்சு. கொடுக்கற மாதிரி கையை நீட்டிட்டு, வாங்கப் போறப்ப இழுத்துக்கிட்டாரு. இனிமே அந்த வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன். நீ போ, நான் தடுக்கல."

அவன் கத்தியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். ஒரு கேலி சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். அவனோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எதையும் கேலி செய்தே கடந்து வந்த மனிதனிடம் கேலி தீர்ந்துபோனது அவளுக்குப் பயத்தைத் தந்தது. சிறுநீரகத்தைவிடப் பெரிய ஒன்றை அன்றிலிருந்து அவள் கேட்கத் தொடங்கினாள்: இந்த மனிதர் மறுபடியும் என் பக்கத்தில் முழங்காலிட வேண்டும்.

கேட்டாள் என்று சொன்னேன். பணிந்து, குழைந்து, கண்ணீர் மல்கக் கேட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, காலரைத் திருப்பி முனையைக் கூராக்கியபடியே, உதடு அசையாமல் அவள் ஆண்டவரோடு சண்டை பிடித்தாள். பள்ளிப் பிள்ளைகளின் சட்டைக் காலர்கள் ஒரு பக்கம் குவிய, மறுபக்கம் அவள் வழக்குக் குவிந்தது. 'இவரோட அக்கா மனசைத் தொட்டது நீங்கதானே? அப்புறம் ஏன் உடம்பைப் பார்க்கல? இதுதான் நீங்க செய்யற வேலையா? நான் இப்படித் தைச்சா மேஸ்திரி என் முகத்துலயே வீசிடுவாரு!'

ஒரு முற்பகல், அப்படித் திட்டித் தீர்த்த பிறகு, சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் அவள் கை நின்றது. சுற்றிலும் இயந்திரங்கள் இரைந்தன. அந்த இரைச்சலின் நடுவே அவளுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அதைத் தொடர்ந்து, எந்தக் காரணமும் இல்லாமல், மகிழ்ச்சி வந்தது. அவள் அரண்டுபோனாள். நம் வீட்டு நிலைமைக்கு இது தகுமா? பக்கத்து இயந்திரக்காரி, "என்னடி காலர், தனியா சிரிக்கறே?" என்றாள். "ஒண்ணுமில்ல, நூல் அறுந்துருச்சு" என்று சமாளித்தாள். "நூல் அறுந்ததுக்கா சிரிப்பு? மேஸ்திரி காதுல விழப்போகுது."

அன்று பிற்பகல் டயாலிசிஸ் அறையில் அதைக் கணவனிடம் சொன்னாள். அவனுக்குத் தாகம். சிறுநீரகம் வேலை செய்யாதவன் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தேங்கிவிடும் என்பதால் அவனுக்குத் தண்ணீர் அளந்துதான் தருவார்கள். நர்ஸம்மா அனுமதித்த ஒரு பனிக்கட்டித் துண்டை அவன் நாக்கில் வைத்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லுவேன், கோபப்படக் கூடாது."

"சொல்லு. எழுந்து அடிக்க வரவா முடியும்? கட்டிப்போட்டு வெச்சிருக்காங்க."

"எனக்கு இன்னைக்குச் சந்தோஷமா இருக்கு."

அவன் கண்ணைத் திறந்து அவளை மேலும் கீழும் பார்த்தான். "காய்ச்சல் ஏதும் அடிக்குதா?"

"காலையில அவரைத் திட்டுனேங்க. உங்க பங்குக்கும் சேர்த்துத் திட்டுனேன். திட்டி முடிச்சுப் பார்த்தா, எழுந்து போகாம பக்கத்துலயே இருக்காரு. அது போதும்னு இருந்துச்சு."

அவன் பனிக்கட்டி கரைந்து முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்தோத்திர ஞாயிறு வந்தது. அவன் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டில் நச்சரிப்பு தாங்காமல் வந்தவன். அக்கா கடைசி வரிசையின் மூலையில், முக்காட்டை நெற்றிவரை இழுத்து உட்கார்ந்திருந்தாள். பரிசோதனை முடிவு வந்ததிலிருந்து தம்பியின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. சங்கதி இன்னும் சபையை எட்டவில்லை. சொல்ல யாருக்கு வாய் வரும்?

"நன்றி சொல்ல வேண்டியவர்கள் முன்னே வாருங்கள்" என்றார் போதகர்.

தனக்குச் சொல்ல ஒரு நன்றி இருக்கிறது என்பது மட்டுமே ஸ்பேனரின் மனைவிக்குத் தோன்றிற்று. சபையின் எழுதாத சட்டம் அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை. எழுந்தாள், நடந்தாள், மைக்கின் முன் நின்றாள்.

"அல்லேலூயா!"

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவரின் குரல் அது. கார்டு மாமா என்றால் ஆலயத்து ஜன்னல்களும் அதிரும். அந்தக் கொடியசைப்புக்குச் சபையே எழுந்துவிட்டது. கீபோர்டு முழங்கியது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வாசலோரம் நாலைந்து பேர் ஸ்பேனரைச் சூழ்ந்துகொண்டு முதுகில் தட்டினார்கள். "சொல்லவே இல்லையேப்பா! ஆபரேஷன் என்னைக்கு?" "அழுத்தக்காரன்! சிரிக்கறானா பாரு!"

அப்போதுதான் தான் செய்த பிழை அவளுக்கு விளங்கியது. திரும்பி ஓடிவிட்டால்? தலையசைத்துவிட்டு இறங்கிவிட்டால்? சபை மகிழ்ந்துகொண்டே வீட்டுக்குப் போகும். ஒரு வாரத்துக்கு யாரும் அவளை ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் வாசலில் கணவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். நீயுமா நடிக்கப் போகிறாய் என்று கேட்கும் பார்வை அது.

"கிட்னி கிடைக்கலங்க" என்றாள் மைக்கில்.

கீபோர்டு பாதியில் நின்றது.

"வீட்டுக்காரரோட அக்காவுக்கே உடம்பு சரியில்லன்னு டாக்டர் வேணாம்னுட்டாரு. எதுவும் கிடைக்கல. கேட்ட இடத்துலயேதான் நிக்கறோம். நான் மாத்தி எழுந்து வந்துட்டேன் போல, மன்னிச்சுக்குங்க. ஆனா எனக்கு நன்றி சொல்லணும். பட்டறையில நான் ஆண்டவரைக் கன்னாபின்னான்னு திட்டுனேன். அவர் கோவிச்சுக்கிட்டுப் போகல. கேட்டதைக் கொடுக்கல, ஆனா கூடவே இருக்காரு. அதுல எனக்குச் சந்தோஷம். அவ்வளவுதாங்க."

ஆமென் என்று சொல்ல ஒரு நாவும் எழவில்லை. கொடுத்த தெய்வத்தைப் புகழத் தெரிந்த சபைக்கு, கூட இருக்கிற தெய்வத்தைப் புகழச் சொல் அகப்படவில்லை. நின்றவர்கள் உட்காரவும் கூசினார்கள். கார்டு மாமா கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் புத்தகத்தைத் திறந்து மூடினார். அவள் மட்டும் வியர்த்த கையைச் சேலையில் துடைத்தபடி, இறங்கவும் தெரியாமல் நின்றாள்.

அப்போது வாசல் பக்கம் நாற்காலியை ஒதுக்கித் தள்ளும் ஓசை கேட்டது.

ஸ்பேனர் வந்துகொண்டிருந்தான். நீர் கோத்து வீங்கிய பாதங்களுக்கு அது நெடுந்தூரம். கடைசி வரிசை மூலையில் ஒரு முறை நின்று, அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினான். "விடு தம்பி, என்னை ஏன் இழுக்கறே, நான் என்னத்தைக் கொடுத்தேன்" என்று அவள் முனகினாள். "என்னால தனியா நடக்க முடியலக்கா. பிடிச்சுக்கோ" என்றான். அவள் தம்பியைத் தாங்கிக்கொண்டாள். உண்மையில் யார் யாரைத் தாங்கினார்கள் என்று பார்த்தவர்களுக்கே சொல்லத் தெரியாது.

மனைவியின் பக்கத்தில் வந்து நின்றவன், அவளிடம் மெல்லத்தான் பேசினான். மைக் அதைச் சபைக்கெல்லாம் சொல்லிவிட்டது. "என் பங்குக்கும் திட்டுனேன்னு சொன்னியே, அது செல்லாது. என் சண்டையை நானே போட்டுக்கறேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவன் முழங்காலிட முயன்றான், முடியவில்லை. அக்காளும் மனைவியும் இரு பக்கமும் பிடிக்க, மெல்ல மெல்ல இறங்கினான். அவர்களும் இறங்கினார்கள்.

"ஆண்டவரே, எனக்கு உங்க மேல கோபம்" என்று தொடங்கினான். "கோபம் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். இவளுக்குக் கிடைச்ச சந்தோஷம் எனக்கு இன்னும் கிடைக்கல. அதையும் கேட்கறேன். எங்க அக்காவுக்குச் சர்க்கரை ஏறக் கூடாது. கிட்னி எடுக்கப் போய்த்தான் அதைக் கண்டுபிடிச்சாங்க, அதுக்கு ஸ்தோத்திரம். எனக்கு ஒரு கிட்னி வேணும். முன்னாடி கேட்டதையேதான் கேட்கறேன். நாளைக்கும் கேட்பேன்."

அவன் அக்கா விம்மினாள். மனைவியோ, கண்ணீர் வழிய வழிய, பட்டறையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"ஆமென்" என்றார் கார்டு மாமா. ஜன்னல் எதுவும் அதிரவில்லை. மனிதர் வாழ்நாளில் முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் சொன்ன ஆமென் அது. பிறகு சபை முழுவதும், நின்றவர்கள் நின்றபடியே, அதையே சொன்னது.

எழுப்பிவிடப் போதகர் கைநீட்டினார். ஸ்பேனர் அந்தக் கையைப் பற்றி எழுந்து, மூச்சு வாங்கியபடி சொன்னான்: "ஐயா, இவங்க போட்ட அல்லேலூயா சத்தத்துல விண்ணப்பத்துல இருந்து என் பேரை எடுத்துடாதீங்க. சரக்கு இன்னும் வந்து சேரல."