அடுப்பு மூட்டாத ஞாயிறு

கதவு திறக்கவில்லை.

கிருசாந்தி ஓரடி பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தாள். நேற்றுவரை ஆள் நிழல் கண்டாலே விலகிக்கொண்ட சூப்பர் மார்க்கெட் கண்ணாடிக் கதவு, இன்றைக்குக் கல்லுப்போல நின்றது. உள்ளே வாழைப்பழம் தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். நாயோடு போன ஒரு கிழவர் நின்று, "சொன்ராக்!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை! ஊரில் வியாபாரம் சூடுபிடிக்கிற நாள். இந்த ஜெர்மன் நகரம் கொலோனில் கடை பூட்டுகிற நாள். கல்யாணமாகி வந்த இந்தக் கொஞ்சக் காலத்தில் அவள் ஒரு ஞாயிறும் தனியாக வெளிக்கிட்டதில்லை.

இன்றைக்கு வேறு வழியில்லை. மாமா தம்பித்துரை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதிலிருந்து மாமி புஸ்பவதி ஒரு பிடி உண்ணவில்லை. சீனி வருத்தக்காரி. காலையில் வந்து பார்த்த டொக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: பின்னேரத்துக்குள் ஏதாவது வயிற்றில் இறங்காவிட்டால் அம்புலன்ஸ்தான். அதே ஆஸ்பத்திரிக்கு.

"அங்க கொண்டுபோனியளெண்டா நானும் திரும்பமாட்டன்." மாமி சொன்ன குரலில் விளையாட்டு இல்லை.

வீட்டில் சமைக்கவும் முடியாது. பிரேதம் எரியும்வரை செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. ஊரில் அது ஒருநாள் பாடு. இங்கே எரிக்க டெர்மின் என்று ஒரு நாள் கிடைத்ததே அடுத்த வியாழக்கிழமைக்குத்தான்.

"கரண்ட் அடுப்பில நெருப்பு எங்க கிடக்கு, சித்தி?" என்று புருசன் ரஜிதன் கேட்டுப் பார்த்தான்.

"சூடு வந்தா நெருப்புத்தான்." மாமியின் தங்கை சுலோஜனா மசியவில்லை.

"அப்ப மைக்ரோவேவ்?"

"செத்த வீட்டில பகிடி விடாத!"

சனங்கள் கொண்டுவந்த இடியப்பம் மேசையில் காய்ந்தது. மாமி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பழமாவது இறங்குமென்றுதான் கிருசாந்தி பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இப்போது வெறுங்கையோடு திரும்புவதா?

ட்ராம் தரிப்பிடத்தில் ஒரேயொரு பெட்டிக்கடை திறந்திருந்தது. கடைக்காரி தட்டில் இறைச்சிச் சொசேஜ் வாட்டிக்கொண்டிருந்தாள். செத்த வீட்டுத் துடக்குக்காரி நிற்கிற இடமா இது? ஆனால் பக்கத்துச் சட்டியில் பொரிவது உருளைக்கிழங்கு. கிழங்கு மரக்கறிதானே!

அவள் வாய் திறக்குமுன் கடைக்காரியின் கண் பையில் விழுந்தது. சுன்னாகத்துப் புடவைக்கடைச் சிவப்புப் பை. மாமா எங்கே போனாலும் கையில் இருக்கிற பை.

"ஓப்பா!" கடைக்காரி முகம் மலர்ந்தாள். "ஸ்வை? வீ இம்மர்?"

ஓப்பா என்றால் தாத்தா, ஸ்வை என்றால் இரண்டு, வகுப்பில் படித்தது. மிச்சம் விளங்கவில்லை. விளங்காவிட்டால் தலையாட்டுவது அவள் வழக்கம். ஆட்டினாள்.

கடைக்காரி இரண்டு பெட்டிகளை நிரப்பினாள். ஒன்றுக்கு உப்புத் தூவினாள். மற்றதைத் தூவாமல் மூடி, மேலே பேனையால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு தெருப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஓப்பா?"

படித்த ஜெர்மன் முழுவதையும் துழாவினாள் கிருசாந்தி. பிறந்தநாள் வாழ்த்து இருந்தது. இது இல்லை.

"ஓப்பா... நிஹ்ட் மேர்," என்றாள். இனி இல்லை.

கடைக்காரியின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. பிறகு மரத்தாலான குட்டி முள்ளுக்கரண்டிகள் இரண்டை எடுத்து, மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"உதென்ன நாத்தம்?" வீட்டு வாசலிலேயே சுலோஜனா மறித்தாள். "பெட்டிக்கடைப் பொரியலோ? அக்கா முகத்தில எறியப்போறா, பார்!"

"கடையெல்லாம் பூட்டு, சின்ன மாமி. கிழங்குதான்..."

"உனக்கென்ன விசரே?" ரஜிதன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினான்.

சோபாவில் சாய்ந்து கிடந்த புஸ்பவதியின் கண் திறந்தது. பையைப் பார்த்தது. பிறகு பை வாயில் தெரிந்த மூடியின் வட்டத்தை.

"ட்ராமடியிலயோ வாங்கினனீ?"

"ஓம் மாமி."

"நீயோ ரெண்டு கேட்டனீ?"

"இல்லை மாமி. அவவாத்தான் போட்டவ."

மாமி சுவரைப் பிடித்து எழும்பினாள். தாங்க ஓடிவந்த மகனின் கையைத் தட்டிவிட்டாள். கிருசாந்தியைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நானும் மாமாவும் உலாத்தப் போறம் எண்டுதான் இவையளுக்குச் சொல்லுறனாங்கள்," என்றாள். அவ்வளவுதான்.

உப்புப் போட்ட பெட்டியைத் திறந்து ஒரு துண்டைக் குத்தினாள். மணந்து பார்த்தாள். துண்டு உள்ளே போனது. இன்னொன்று. பிறகு கை நிற்கவில்லை.

பாதிப் பெட்டி காலியான பிறகுதான் நிமிர்ந்தாள். வட்டம் போட்ட பெட்டியைக் கிருசாந்தியின் பக்கம் தள்ளினாள்.

"இது மாமான்ர, அவருக்கு உப்புக் கூடாது. நீயும் வெள்ளிக்கிழமையிலயிருந்து ஒழுங்காத் தின்னேல்லை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? ஆறமுதல் தின், பிள்ளை."

கிருசாந்தி ஒரு துண்டை வாயில் போட்டாள். சப்பென்றிருந்தது. காட்டிக்கொள்ளாமல் விழுங்கினாள்.

மாமி எழும்பிப் போய், மூட்டாத அடுப்பின் அருகிலிருந்த உப்புப் போத்தலை எடுத்துவந்தாள். வட்டத்துப் பெட்டிக்கு மேலே சரித்தாள். ஒரு கணம் கை அப்படியே நின்றது.

பிறகு தூவினாள்.