கைப்பிடி எந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் புத்தூருக்குப் போய்விடுவேன். அங்கே அடைக்கலத்தின் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நடக்க முடியாதவர்களுக்குப் பழைய சைக்கிள்களைப் பிரித்து, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி செய்து இலவசமாகக் கொடுப்போம். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்துல் சலாம்தான் எங்களுக்கு எல்லாம். எனக்கு சீட்டுக்கு மெத்தை தைக்கிற வேலை. அதோடு எல்லோரையும் திட்டுகிற வேலையும். அதை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

இடம் அடைக்கலத்துடையது, சைக்கிள்களும் அவர் தருவது. அதனால் தலைவரும் அவர்தான். நல்ல மனுஷர், ஆனால் மரியாதைப் பைத்தியம். கடைவழியே போகிறவர்கள் கும்பிடு போடாமல் போனால் அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிவிடும். பூஜைப் பொரியை யாராவது சின்னப் பிள்ளை இடது கையை நீட்டி வாங்கினால், “சோத்துக் கையில வாங்கு” என்று திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்.

அறுபத்து இரண்டாம் வருஷம் ஐப்பசியில் வேலம்மாள் வந்தாள். வந்தாள் என்ன, அண்ணன் வீரமலை தூக்கிக்கொண்டு வந்தான். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போன பெண். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் புத்தகம் தைக்கிற வேலை. தினமும் வீரமலை சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விடுவான். அவனுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்திருந்தது. தை பிறந்ததும் போயாக வேண்டும்.

“வண்டி இல்லேன்னா இவளும் எங்ககூட வந்துடணுங்க” என்றான்.

“நான் வரல” என்றாள் வேலம்மாள். “அங்க போனா அண்ணி போடற சோத்துக்கு ஒக்காந்திருக்கணும். இங்க என் சோறு என்னுது.”

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று.

வண்டி செய்யுமுன் கை பலம் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்துல் சலாம் ஒரு கம்பை நீட்டி, “பலமா இழும்மா” என்பார். வேலம்மாள் வலது கையால் கம்பைப் பிடித்தாள். இடது கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள், பெரியவர்களிடம் எதையாவது வாங்கும்போது நாம் கொடுப்போமே, அந்த மாதிரி. இழுத்த இழுப்பில் அப்துல் சலாம் ஓரடி முன்னால் வந்தார்.

“நல்ல பலம். வலப்பக்கமே கைப்பிடி வெச்சுடலாம்” என்றார்.

“கம்பைப் பிடிக்கறதுலகூட என்ன பணிவு பாருங்க” என்று பூரித்துப்போனார் அடைக்கலம். நானும்தான் தலையை ஆட்டினேன்.

பொங்கல் கழிந்த ஞாயிறு வண்டி தயார். பச்சைப் பெயிண்ட், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வேலம்மாளை உட்கார வைத்தோம். இடது கை திருப்புகிற கம்பியைப் பிடித்திருக்க, வலது கையால் கைப்பிடியைச் சுற்றினாள். எலுமிச்சம்பழம் நசுங்கியதோடு சரி. கொட்டகை வாசலில் இருந்த சின்ன மேட்டில் வண்டி ஏறவில்லை. மறுபடி சுற்றினாள். கை நடுங்கியது, வண்டி பின்னால் வந்தது.

“பழகிக்கறேங்க” என்றாள். பழகுவதற்கு ஏது நாள்? செவ்வாய்க்கிழமை வீரமலைக்கு ரயில்.

அடைக்கலம் என்னைத் தனியே கூப்பிட்டார். “அவங்களால முடியலம்மா. மண்ணச்சநல்லூர்ல மில்லுல கால் போனவர் ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு. ஓட்ட முடிஞ்சவங்களுக்குக் கொடுப்போம்.” தப்பென்று சொல்ல முடியவில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குக் காப்பியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

“கையில தெம்பில்லேன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

அவள் வலது கையை நீட்டினாள். இடது கை வழக்கம்போல முழங்கைக்கு அடியில்.

“மரியாதையெல்லாம் போதும், ஒழுங்கா டம்ளரைப் புடி” என்று அந்த இடது கையைத் தட்டிவிட்டேன்.

வலது கை அப்படியே மடியில் விழுந்தது. காப்பி முழுக்க அவள் புடவையில்.

நல்லவேளை, சூடு ஆறியிருந்தது. அது பணிவு இல்லை, முட்டுக்கொடுத்தது. இளம்பிள்ளை வாதம் கால்களை மட்டும் தின்றுவிட்டுப் போகவில்லை.

“அந்தக் கை?” என்று இடது கையைக் காட்டினேன்.

“இது நல்லாருக்குங்க. ஊசி, கத்தி எல்லாம் இதாலதான்.”

“பின்ன ஏன்டி சொல்லல?”

“சும்மா கொடுக்கற எடத்துலங்க. பீச்சாங்கையை எப்படி நீட்டுறது? கொடுக்காம அனுப்பிட்டீங்கன்னா?” அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

அப்துல் சலாம் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். “அன்னைக்கு இழுத்தது இந்தக் கைதான்” என்று அவள் இடது கையைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைப்பிடியை வெறுமனே எடுத்து இடப்பக்கம் வைத்தால் சரியாகாது. செயின், பல்சக்கரம் எல்லாவற்றையும் பிரித்து மாற்றிக் கோக்க வேண்டும். அடைக்கலம் கடையைத் திறந்து புது செயின் எடுத்து வந்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி கொட்டகை மேட்டில் ஏறி இறங்கியது. வேலம்மாள் அதைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினாள். போதும் என்று நாங்கள் சொல்லவில்லை.

வீரமலை செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினான். புதன்கிழமை காலை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, பஸ் ஏறிப் புத்தூர் வந்துவிட்டேன். அடைக்கலம் கடை திறக்காமல் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மாட்டு வண்டி ஒன்றுக்குப் பின்னால் பச்சை வண்டி வந்தது. இடது கை கைப்பிடியைச் சுற்ற, வலது கை திருப்புகிற கம்பியின்மேல் படுத்திருந்தது. பார்வை முழுக்க ரோட்டில். எங்களைத் தாண்டி, மாட்டு வண்டியையும் தாண்டி, தெப்பக்குளம் பக்கம் போய்விட்டாள்.

“ஒரு கும்பிடுகூட போடாம போறாங்க பாருங்க” என்றார் அடைக்கலம். அவர் கை இரண்டும் கூப்பினபடி அப்படியே இருந்தன.

“ரெண்டு கையும் வேலையா இருக்குல்ல” என்றேன்.