துத்தநாகக் கட்டிக்கு அடித்த நீலப் பெயிண்ட்

தன் படகைக் கரையேற்றிய அன்று ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவருக்குத் தலைகால் புரியவில்லை. புரொப்பல்லர் தண்டில் மாட்டியிருந்த துத்தநாகக் கட்டி ஒரு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் மாப்பிள்ளை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

"பாத்தீங்களா? பராமரிப்புன்னா இதான்," என்று பட்டறை மெக்கானிக்கிடம் மார்தட்டினார். "என் கையாலயே மூணு கோட்டு நீலப் பெயிண்ட் அடிச்சேன்."

"கட்டிக்கா அடிச்சீங்க?"

"படகுக்கு அடிச்சிட்டு அத மட்டும் அம்மணமா விடச் சொல்றீங்களா?"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அது கரையறதுக்குன்னே மாட்டுறது. கடல் தண்ணியில ரெண்டு உலோகம் சேந்து கெடந்தா ஒண்ணு அரிச்சுப்போகும். அந்த அரிப்ப இது வாங்கிக்கும். நீங்க பெயிண்டால மூடிட்டீங்க. அப்ப எது அரிச்சிருக்கும்?"

எல்லோர் கண்களும் வெண்கலப் புரொப்பல்லருக்குப் போயின. இன்னொரு பெரிய ரிப்பேர் வந்தால் ஒன்று படகு போகும், இல்லையென்றால் நான் போவேன் என்று கணக்கரின் மனைவி போன வருடமே சொல்லிவிட்டாள். எதை வைத்துக்கொள்வது என்று அவர் யோசிக்கவே இல்லை என்றால் அது பச்சைப் பொய். அவள் இப்போது ஃபிளாஸ்க்கும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றாள்.

"நல்லா இருந்தா மணி மாதிரி கேக்கும். அரிச்சிருந்தா மரம் மாதிரி டொக்குன்னும்," என்று மெக்கானிக் சுத்தியலை எடுத்தார்.

கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

ணங்ங்ங்.

அந்த ஓசையில் ஏழு கடல் தாண்டியிருந்த மீன்கள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும். மெக்கானிக் கத்தியால் சுரண்டினார். உள்ளே பளீரென்று மஞ்சள், அரிப்பின் சிவப்பு துளியும் இல்லை. "இது எப்படித் தப்பிச்சது?"

மனைவி ஏணியில் ஏறி, படகுக்குள்ளிருந்து ஒரு நீள ஒயரை எடுத்து வந்தாள். அதன் நுனியில் எலி கடித்த சோப்பு போல ஒரு துத்தநாகத் துண்டு.

"படகு சும்மா நின்னப்பெல்லாம் இத எஞ்சின்ல மாட்டித் தண்ணியில தொங்க விட்டேன். பக்கத்துப் படகு அக்கா சொல்லிக்குடுத்தாங்க."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா இதுக்கும் மூணு கோட்டு அடிச்சிருப்பீங்க."

"படகு போகட்டும்னு சொன்னவளாச்சே நீ?"

"வாயால சொன்னேன்," என்று டீயை ஊற்றினாள்.

அவர் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்து, சூடு தெரியாமல் ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொசுங்கியது, அதுவும் இனித்தது. மெக்கானிக் ஒரு புதுக் கட்டியை எடுத்து வந்தார். கணக்கர் ஆவலாகக் கையை நீட்டினார்.

மெக்கானிக் அவரைச் சுற்றிக்கொண்டு போய், அதை அந்த அம்மாவிடம் கொடுத்தார்.