குட்டி போடும் நேரம்

என் தங்கை நளினிக்குப் பாம்புப் பைத்தியம். ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பச்சை விரியன் எங்கே படுக்கிறது, எதைத் தின்கிறது என்று வருடக்கணக்காகப் பின்னாலேயே அலைந்து முதன்முதலில் உலகத்துக்குச் சொன்னவள் அவள்தான். வெளிநாட்டுப் புரபசர்கள் எங்கள் லயத்து வீட்டைத் தேடி வந்து அவளைக் கும்பிட்டார்கள். நான் அவர்களுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்து, வயிறெரிந்தேன். கல்யாணம் பண்ணாதவள், பாம்புக்குப் பிரசவம் பார்க்க உட்கார்ந்திருந்தாள்.

கேலி இல்லை. நான் கொழுந்து வெட்டும் நிரையின் ஓரத்தில், வயிறு உப்பிய விரியன் ஒன்று செடிக்குள் சுருண்டு கிடந்தது. இந்த ஜாதி குட்டி போடுவதை யாருமே பார்த்ததில்லையாம். இன்றோ நாளையோ என்று அவள் சோறு தண்ணி இல்லாமல் காத்திருந்தாள்.

அன்று காலை இரண்டு நிரை தள்ளிக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த வேலாயி கத்தரியைப் போட்டுவிட்டு அலறினாள். வேறொரு விரியன் அவள் கையைக் கடித்துவிட்டு ஓடிவிட்டது. கடித்த பாம்பையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் சரியான மருந்து போடுவார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருடைய நம்பிக்கை. அவள் புருஷன் தங்கராஜு அவளை லோரியில் ஏற்றிவிட்டு, ஒரு கையில் பாராங் வெட்டுக்கத்தியும் மறு கையில் காலி மைலோ டின்னுமாக நளினியிடம் ஓடிவந்தான்.

“தள்ளு நளினி! பாம்பு வேணும்லா!”

“இது கடிக்கலண்ணே! எங்கிட்ட போட்டோ இருக்கு, அதக் காட்டுனாப் போதும். டாக்டருக்குத் தெரியும்!”

“எம் பொண்டாட்டி சாவுறா, நீ போட்டோ காட்டுறியா?”

அவளை மிதித்துத் தள்ளினான். ஒரே வெட்டு. பாம்பின் தலை தனியாகத் தெறித்தது.

“தலையத் தொடாதீங்க!” என்று அவள் கத்துவதற்குள் டின்னில் போட எடுத்துவிட்டான். வெட்டுப்பட்ட தலை அவன் சுட்டுவிரலைக் கவ்வியது. உதறி எறிந்தான். விஷம் ஏறுமுன் விரலையே வெட்டிவிட வேண்டும் என்று வெறி பிடித்து, விரலைக் கல்லின் மேல் நீட்டிப் பாராங்கை ஓங்கினான்.

நளினி தாவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் விரல் தப்பியது. அவள் விரல்கள் இரண்டு கல்லின் மேல் கிடந்தன.

என் தங்கையின் ரத்தம் என் முகத்தில் அடித்தது. கீழே, தலையில்லாத பாம்பின் உடம்பிலிருந்து குட்டிகள் நெளிந்து வந்துகொண்டிருந்தன. பூட்ஸ் காலால் மிதித்தேன். மண்ணோடு மண்ணாக அரைபடும்வரை ஒவ்வொன்றாக மிதித்தேன்.

வேலாயி பிழைத்தாள். தங்கராஜுவின் கை வீங்கி வடிந்தது. டின்னில் பாம்பு இல்லாமலேயே டாக்டர் மருந்து போட்டார். ஆஸ்பத்திரியில் நளினி மயக்கம் தெளிந்ததும் கேட்டாள்.

“குட்டி ஏதாச்சும் உசுரோட வந்துச்சாக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. விரலைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை, பாம்பைக் கேட்கிறாள்.

“வந்துச்சு. எல்லாத்தையும் நாந்தான் மிதிச்சுக் கொன்னேன்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தன் விரலை வெட்டிய தங்கராஜுவிடம் இன்று சிரித்துப் பேசுகிறாள். என்னிடம் மட்டும் பேசுவதில்லை.