செல்லக்கனி எழுந்து போன கூட்டம்

செல்லக்கனி மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் உறுப்பினராகிவிட்டாள் என்ற சேதி முத்தையாபுரத்துக்கு வந்தபோது, எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை ஏதோ கோயில் கமிட்டி என்று நினைத்தார்கள். மீதிப் பேர் நம்பவே இல்லை. எனக்கு முந்தின நாளே தெரியும்.

அந்தக் குழுவின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஜெபிஷா எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிள்ளை. சொன்ன சொல் தவறாதவள். என்னிடம் சொல்வது வெளியே சொல்வதில் சேராது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மனிதர்களை வைத்து எந்த ஆராய்ச்சி செய்வதானாலும் முதலில் இந்தக் குழு சரி என்று சொல்ல வேண்டுமாம். அதில் டாக்டர்கள் இருப்பார்கள், ஒரு வக்கீல் இருப்பார். அதோடு டாக்டரும் இல்லாத, வக்கீலும் இல்லாத, நம்மைப் போல ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். பொதுஜன உறுப்பினர் என்று பெயர். அந்த ஆள் அறையில் இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது. ஏற்கெனவே இருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார். நாற்காலி காலி.

அந்த நேரத்தில் அவசரமாக ஒப்புதல் வேண்டியிருந்தவர் டாக்டர் நேசக்குமார். நாசரேத்துக்காரர், சிறுநீரக மருத்துவர், கல்லூரியின் துணை முதல்வர். உப்பளத் தொழிலாளர்களிடம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். அதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் ஒப்புதல் கடிதம் போயாக வேண்டும். "உப்பளம் பக்கம் ஒரு பொம்பளையா பாருங்க. பேப்பர்ல நல்லா இருக்கும். வருவாங்க, வடை சாப்பிடுவாங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க" என்று அவரே சொல்லிவிட்டார். ஆள் தேடி வந்தவன் அவருடைய ஆய்வில் வேலை பார்க்கும் பெவின். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, பத்தாவது பாஸ், தினமும் பேப்பர் படிப்பவள் என்று செல்லக்கனியைப் பிடித்தான். தெருவில் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் வந்தபோது நான் உறைமோர் வாங்க அங்கே போயிருந்தேன்.

"எந்த டாக்டருக்கு?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"நேசக்குமார் சாருக்குக்கா. உப்பளத்துல எடுத்து வச்ச பழைய ரத்தத்தை மறுபடி சோதிக்கணுமாம்."

"நாசரேத்துக்காரரு?"

"ஆமாக்கா. காரு அனுப்புவாங்க, டிபன் உண்டு..."

"வாரேன்னு சொல்லு தம்பி."

அவன் பாவம், அரைமணி நேரம் கெஞ்சத் தயாராக வந்திருந்தான்.

அவள் ஏன் அப்படி ஒத்துக்கொண்டாள் என்பதற்கு ஒன்பது வருஷம் பின்னால் போக வேண்டும். ஒரு சித்திரை மாதம் இந்த நேசக்குமார் வெள்ளை வேனில் உப்பளத்துக்கு வந்தார். வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்கும் ஆய்வு. விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு, அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு விவரம் சொல்ல யாருக்குப் பொழுது இருக்கிறது? கங்காணி ஒரு வழி சொன்னார். காலையில் வேலைக்கு வந்தவர்கள் பெயர் பதியும் நோட்டுக்குப் பக்கத்தில் சம்மதத் தாளை வைத்துவிட்டார்கள். தினமும் போடும் கையெழுத்துதானே என்று எல்லோரும் வரிசையாகப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் எண் எழுதிய சீட்டும் கிடைத்தன. செல்லக்கனியின் புருஷன் சுடலைக்கண்ணனுக்கு நூற்றுப் பதினேழு.

ஒரு மாதத்தில் ரிசல்ட் வரும் என்றார்கள். டாக்டருக்கு வந்தது. அதை வைத்து வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார், பதவி உயர்ந்தார். எங்கள் தெருவுக்கு ஒரு துண்டுத் தாளும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் சுடலைக்கண்ணன் கால் வீங்கி, மூச்சிரைத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "இதுக்கு முன்ன டெஸ்டே எடுக்கலையா? முன்னாலயே தெரிஞ்சிருந்தா..." என்று அங்கிருந்த சின்ன டாக்டர் பாதியில் நிறுத்தினாராம். செல்லக்கனி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மூன்று தடவை கல்லூரிக்குப் போனாள். ஆய்வு முடிந்துவிட்டது என்று மூன்று தடவையும் வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பினான். ஆடி மாதம் சுடலைக்கண்ணன் போய்ச் சேர்ந்தான்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. நானும் எத்தனையோ விதமாகக் கிண்டிப் பார்த்தேன். பிடி கொடுக்கவில்லை.

புது உறுப்பினருக்கு ஒருநாள் பயிற்சி உண்டு. நடத்தியவர் குழுவின் செயலாளர் ஜெயபாய் மேடம். விதி என்றால் விதி என்கிற ரகம். மற்றவர்கள் போனைத் தடவிக்கொண்டிருக்க, இவள் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாளாம். ஓர் ஆய்வில் உறுப்பினருக்குச் சொந்த ஒட்டுறவு ஏதாவது இருந்தால் அதற்கு நலன் முரண் என்று பெயர். அதை எழுதிக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று மேடம் சொன்னதும், செல்லக்கனி கையைத் தூக்கினாள்.

"வீட்டுக்காரரு ரத்தம் அதுல இருந்தா மேடம்?"

"அதுவும் நலன் முரண்தான்."

"அவுக செத்துப் போயிருந்தா?"

ஜெயபாய் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "போயிருந்தாலும்தான்."

"நான் வெளிய போயிட்டா உள்ள பொதுஜன ஆளு கெடையாதே?"

"அப்ப கூட்டம் செல்லாது. அந்த ஆய்வை அன்னைக்கு எடுக்க முடியாது."

செல்லக்கனி அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாளாம். ஜெபிஷா பார்த்திருக்கிறாள்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி கூட்டம். கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனாள். அறைக்கு வெளியே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நேசக்குமார் எழுந்து கும்பிட்டு, "வாங்கம்மா, உள்ள வடை வந்திருக்கு" என்றார். உள்ளே ஜெயபாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: யாருக்காவது நலன் முரண் உண்டா? வழக்கமாக எல்லோரும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வடைத் தட்டைப் பார்ப்பார்கள். செல்லக்கனி எழுந்து ஒரு தாளை நீட்டினாள். கூடவே எண் சீட்டின் நகலும் இறப்புச் சான்றிதழும். வக்கீல் எஸ்றா சத்தமாக வாசித்தார்.

"எண் நூற்றுப் பதினேழு, சுடலைக்கண்ணன், என் கணவர். அவரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. சோதனை முடிவு தரப்படவில்லை. இறந்துவிட்டார். எனவே இந்த ஆய்வில் எனக்கு நலன் முரண் உண்டு. விதிப்படி வெளியேறுகிறேன்."

வெளியே வந்து டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுட்டாம்மா?"

"எனக்கு முடிஞ்சிட்டு சார்."

அன்று கூட்டம் கலைந்தது. அவள் எழுதியது அப்படியே குறிப்பில் ஏறியது. முதலில் பழைய முடிவுகளை உரியவர்களிடம் கொடுங்கள், பிறகு வாருங்கள் என்று ஜெயபாயிடமிருந்து டாக்டருக்குக் கடிதம் போனது. அவர் ஜெயபாயின் அறையில் மேசையைத் தட்டியது மாடிப்படி வரை கேட்டதாம். ஆளை மாற்றுங்கள் என்றார்.

"உண்மைய எழுதிக் குடுத்ததுக்காக ஒரு உறுப்பினரை மாத்துறோம்னு, குழுவுக்கு அனுமதி குடுக்கிற டெல்லி ஆபீசுக்கு நான் எழுதணுமா சார்? நீங்க எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அனுப்பிருதேன்."

அவர் எழுதவில்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் மூன்று மாதம் தவணை வாங்கினார்.

மே மாதம், உச்சிவெயிலில், அவருடைய கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. செல்லக்கனி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுக்கவில்லை. வெயிலில் வீடு தேடி வந்தவருக்கு முத்தையாபுரத்தில் தண்ணீர் கொடுக்காமல் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"மூணு வாட்டி சொல்ல வந்தேன் சார். ஒங்க வாட்ச்மேன்ட்ட கேட்டுப் பாருங்க."

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"மேடம் எழுதியிருக்காவள்லா. ரிசல்ட்ட குடுங்க. ஆளுவிட்டுக் குடுக்கக் கூடாது. நீங்களே வீட்டுக்கு வீடு போயி, தமிழ்ல வாசிச்சுக் காட்டணும்."

"எல்லா வீட்டுக்குமா?"

"இருநூத்திப் பன்னெண்டு சார். ஒங்க கட்டுரையிலயே போட்டிருக்கியளே."

பதினோரு நாள் நடந்தார். முடிந்தமட்டும் நானும் பின்னாலேயே போனேன். நல்லது நடக்கும்போது கூட ஆள் வேண்டுமல்லவா? இசக்கிசெல்வியின் வாசலில் நின்று, அவளுக்கு ரத்தம் குறைவு, சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று வாசித்தார்.

"ஒம்பது வருசத்துக்கு முந்தி கொறவா இருந்ததை இப்ப வந்து சொல்லுதியளாக்கும்? அதுக்குப் பொறவு ரெண்டு பிள்ள பெத்துட்டேன் டாக்டரு. அதுல ஒண்ணு மூணாப்பு படிக்கி!"

தெருவே சிரித்தது. டாக்டரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சில வீடுகளில் மாலை போட்ட போட்டோவைக் காட்டி, "அவுகட்டயே வாசிங்க" என்றார்கள். அந்த வீடுகளில் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தது என்று தாளில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். உயிரோடு இருந்தவர்கள் பத்தொன்பது.

கடைசியாகத்தான் என் வீடு என்று செல்லக்கனி முதலிலேயே சொல்லியிருந்தாள். பதினோராம் நாள் சாயங்காலம் அவள் வாசலில் நின்று, நூற்றுப் பதினேழாம் தாளை எடுத்தார்.

"கிரியேட்டினின் மூணு புள்ளி ரெண்டு. உடனே சிறுநீரக மருத்துவரைப் பாக்கணும்."

"கீழ பேனாவுல என்னமோ எழுதியிருக்கே சார்."

அவர் தாளை மடிக்கப் போனார்.

"வாசிங்க."

"அவசரம்னு எழுதியிருக்கு."

"யாரு எழுதுனது?"

"நான்தாம்மா."

எனக்கே காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. செல்லக்கனி இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டாள். "அவுகட்ட சொல்லிருதேன் சார்" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அதோடு தீர்ந்தது என்றுதான் டாக்டர் நினைத்தார். நாங்களும் நினைத்தோம். ஆய்வு தொடங்கினால் அந்தப் பத்தொன்பது பேருக்கும் கல்லூரியிலேயே வைத்தியம் பார்ப்பார்கள் என்று பெவின் தெருவில் சொல்லிவிட்டுப் போனான். உடனே நாலைந்து பெண்கள் அவளிடம் போனார்கள்.

"ஏளா, மனுசன் வெயில்ல நடந்து மன்னிப்புக் கேட்ட மாதிரிதான. விட்டுரேன். எங்க ஆளுக்கு வைத்தியம் கெடைக்கும்."

"நாளைக்குக் காலைல தாளை எடுத்துக்கிட்டு எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்கு வாங்க" என்றாள்.

பத்தொன்பது பேரையும் அவளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தாள் கையில் இருந்ததால் அன்றே சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஊராருக்கு வைத்தியம் என்று காட்டி அவளை இணங்க வைக்க டாக்டருக்கு இருந்த ஒரே பிடியும் அதோடு போனது. அன்றைக்கு எனக்கு அவளைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஜூலை மாதம் இரண்டாவது கூட்டம். அதே நாளில் எனக்குப் பல்வலி வந்து, அதே கல்லூரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. பல் டாக்டர் கீழே. நான் எப்படியோ மேல்மாடி வராந்தாவில் இருந்தேன். நேசக்குமார் புதுச் சட்டையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கதவு சாத்திய ஐந்தாவது நிமிஷம் செல்லக்கனி வெளியே வந்தாள்.

உள்ளே நடந்ததை ஜெபிஷா பிறகு சொன்னாள். அதே தாள், தேதி மட்டும் வேறு. "செல்லக்கனி, முடிவெல்லாம் குடுத்தாச்சே" என்று ஜெயபாய் கேட்டாராம். "குடுத்தாச்சு மேடம். அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா அவுக இப்பவும் எனக்கு வீட்டுக்காரருதான?" என்றாளாம். விதிப் புத்தகத்தில் அதற்கு மறுப்பு இல்லை. வக்கீல் எஸ்றாவே சரியென்று தலையாட்டிவிட்டார்.

டாக்டர் எழுந்து நின்றார். "அம்மா, நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனே. ஒரு வீடு விடலையே."

"செஞ்சிய சார். இல்லன்னு யாரு சொன்னா?"

"அப்புறம் ஏம்மா?"

"செஞ்சா விட்டுருதேன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க பதவி எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"மூணு வருசம்னு ஆர்டர்ல இருக்கு சார். இப்பத்தான் நாலு மாசம் ஆவுது."

அந்த ஆய்வை வெளிநாட்டுக்காரர்கள் வேறு ஏதோ மாநிலத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று ஆகஸ்டில் தெரிந்தது.

அந்த இரண்டாவது கூட்டத்தன்று மதியம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டேன். பல்லைப் பற்றி அவளும் விசாரிக்கவில்லை.

"மனசு ஆறிட்டா செல்லக்கனி?" என்று கேட்டேன்.

"இல்ல மதினி" என்றாள். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனபிறகு அவளே கேட்டாள்: "அடுத்த கூட்டம் எந்தத் தேதின்னு ஜெபிஷா ஒங்கட்ட சொன்னாளா?"