கருப்பு பார்டர் போட்ட அறிவிப்பு

அரியலூருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்லுடைக்கிற குழியில் கிளிஞ்சல் ஒட்டின சுண்ணாம்புக் கல் அகப்படும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட ஊருக்கு 1978 மாசி மாதம் தோணிக்காரர்களுக்கான அறிவிப்பு ஒன்று அச்சடிக்க வந்தது என்றால், அதற்குக் காரணம் மச்சான் உறவு. கடைவீதியில் வரதன் அச்சகம் நடத்திய அய்யம்பெருமாளின் பெண்டாட்டிக்குத் தம்பி அரியமுத்து. அவன் சிதம்பரத்துக்குக் கிழக்கே கோரைத்திட்டு துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அக்காள் வீட்டுக்கு ஒரு வேலை போகட்டுமே என்று இங்கே தள்ளிவிட்டான்.

அச்சுக் கோக்கிறவள் அம்சவள்ளி. பதினோரு வருஷமாக நின்ற கால் மாறாமல் நின்று ஈய எழுத்துப் பொறுக்குகிறவள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, மாரியம்மன் திருவிழா என்று அவள் கோக்காத சங்கதி இல்லை. எதையும் படித்துக்கொண்டே கோக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. கண் எழுத்தைப் பார்க்கும், கை பொறுக்கும், மனசு ராத்திரி புருஷனுக்கு வைக்க வேண்டிய குழம்பை யோசிக்கும். ஆனால் கோரைத்திட்டு என்ற பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

காரணம், அவள் தம்பி செல்லதுரை. அவளுக்கென்று இருக்கிற ஒரே ரத்த உறவு. திருமானூரில் வெல்ல மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பயல், ஒருநாள் மூட்டையோடு லாரியில் கோரைத்திட்டுக்குப் போனான். போனவன் திரும்பவில்லை. கருப்பண்ணன் என்கிற தண்டலின் தோணியில் ஆளாகச் சேர்ந்துவிட்டான். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். வாய்க்காலைத் தாண்டப் பயந்த பிள்ளை இப்போது எட்டு நாள், பத்து நாள் என்று கடலில் கிடக்கிறான்.

அறிவிப்பை அவள் முதல்முறையாக வரி வரியாகப் படித்தாள். கோரைத்திட்டு கலங்கரை விளக்கம் பழுதாகிவிட்டது. மார்ச் பதினைந்தாம் தேதி இரவிலிருந்து அது எரியாது. தெற்கே ஒன்றரை மைல் தள்ளிப் புதுக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். பழைய விளக்கு பத்து வினாடிக்கு ஒருமுறை மின்னும். புதியது இருபது வினாடிக்கு ஒருமுறை அடுத்தடுத்து இரண்டு மின்னு மின்னும். விளக்கை இடதுகைப் பக்கம் வைத்து நேரே உள்ளே வருகிற பழைய வழக்கத்தில் இனி யாரும் வந்தால், தோணி மணல்திட்டில் ஏறி உடையும். ஆகவே இந்தத் தாளைத் தோணியில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். இதுதான் விஷயம்.

"நல்ல வேல மொதலாளி இது. நாலு உசுரு பொழைக்கும்," என்று அய்யம்பெருமாளிடம் சொல்லிவிட்டு, ஒரு புள்ளி பிசகாமல் கோத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஐந்நூறு தாளும் அச்சாகி அடுக்கியிருந்தது. மேல் தாளை எடுத்தாள். நாலு பக்கமும் விரல் கனத்துக்குக் கருப்பு பார்டர். கருமாதிப் பத்திரிகைக்கென்று முன்கூட்டியே பார்டர் அடித்து வைத்திருந்த தாளில் மனுஷன் அறிவிப்பை அடித்துத் தள்ளியிருந்தார்.

"என்ன மொதலாளி, இப்புடி பண்ணிட்டீங்க?"

"எப்புடிப் பண்ணிட்டேன்? கண்ணுல படுற மாதிரி கனமா பார்டர் போடணும்னு ஆர்டர்லயே எழுதியிருக்கு. பார்டர் போட்ட தாளு நம்மகிட்ட கெடந்துச்சு. போட்டாச்சு."

"கருமாதி தாளுங்க இது. யாரு இத வூட்டுக்குள்ள கொண்டு போவா? படிச்ச கையோட கிழிச்சுப் போடுவாங்க. தோணியில போயி மாட்டுவாங்களா?"

"அது நம்ம ஊரு வழக்கம். கடக்கரைக்காரனுக்கு என்ன வந்துச்சு?"

கடற்கரைக்காரன் என்றால் அவனுக்கு அப்பன் ஆத்தாள் சாக மாட்டார்களா? கருப்பு பார்டர் அங்கே மட்டும் மங்கலமாகிவிடுமா? அம்சவள்ளிக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த எழுத்துக்கட்டையை வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. பொறுக்க வேண்டியவளும் அவள்தானே.

"மஞ்சத் தாள்ல திரும்ப அடிச்சுடலாங்க. நானே நின்னு அடிக்கிறேன்," என்றாள்.

"பங்குனி முகூர்த்தத்துக்கு இருக்கிற மஞ்சத் தாளே பத்தாது. நீ வேற. போயி வேலயப் பாரு."

மூன்றாம் நாள் அரியமுத்து தாள்கட்டை எடுத்துப்போக வந்தான். ஆபீஸ்காரனுக்காவது புரியும் என்று அவனிடமும் சொன்னாள். அவன் ஒரு தாளை உருவி, தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து ரசித்தான்.

"ஜம்முனு இருக்கு. பெரிய சார் இத மாதிரிதான் கேட்டாரு."

"சார், தோணிக்காரவுங்க இத எழவுக் கடுதாசின்னு நெனச்சுக்குவாங்க."

"ஏம்மா, உள்ள எழுதியிருக்குல்ல. படிக்க வேண்டியதுதானே?"

"படிக்கத் தெரிஞ்சவன் எத்தன பேரு சார் தோணியில?"

"அது என் வேலை இல்ல. வாங்கினதுக்குக் கையெழுத்து, இல்லன்னா கைநாட்டு. அதான் என் வேலை."

செவிடன் காதில் ஊதின சங்குதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று முணுமுணுத்தபடி அவளே கட்டைச் சணலால் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கட்டும்போது பத்துத் தாளை உருவி வைத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி செல்லதுரையிடமிருந்து கார்டு வந்தது. கோழி கிண்டின மாதிரி எழுத்து. 'அக்காவுக்கு, நலம். தொறமுக ஆபீசில் யாரோ பெரிய அதிகாரி செத்துட்டார் போல. எல்லாத் தோணிக்கும் கருமாதிக் கடுதாசி குடுத்தாங்க. யார் என்னன்னு தெரியலை. கெளம்புற நேரத்தில் இது என்ன அபசகுனம்னு தண்டல் வாங்கின கையோட நாலாக் கிழிச்சுத் தண்ணியில விட்டுட்டார். பதிமூணாந்தேதி சாயங்காலம் போறோம். திரும்ப எட்டு நாள் ஆகும்.'

எட்டு நாள். பதின்மூன்றும் எட்டும் இருபத்தொன்று. அதற்குள் விளக்கு இடம் மாறியிருக்கும். இருட்டில் வருகிறவன் தூரத்தில் வெளிச்சத்தைப் பார்த்து, ஊர் வந்துவிட்டது என்று பழைய வழக்கத்தில் திருப்புவான். அம்சவள்ளிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவர்களெல்லாம் சேர்ந்து என் தம்பியைக் கொல்லப் பார்க்கிறார்கள், அதுவும் என் கையால் கோத்த எழுத்தை வைத்து.

கார்டை முதலாளி முன்னால் போட்டாள். அவர் படித்துவிட்டு, "கிழிச்சா நான் என்ன பண்றது? அச்சுல தப்பு இருக்கா சொல்லு," என்றார். அச்சில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தந்தி கொடுக்கலாமா என்று நினைத்தாள். தந்தி வந்தாலே எவன் செத்தான் என்று கேட்கிற காலம். பிரித்துப் பார்ப்பதற்குள் அதையும் கிழித்தாலும் கிழிப்பார்கள். கடைசியில், "நாளைக்கு நான் வரல மொதலாளி," என்றாள்.

"முகூர்த்த நேரத்துல லீவு கெடையாது."

"லீவு கேக்கல. வரலன்னு சொன்னேன்."

மறுநாள் விடிகாலை, உருவி வைத்திருந்த பத்துத் தாளோடு பஸ் ஏறினாள். ஜெயங்கொண்டத்தில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என்று மாறி, இரண்டாவது பஸ் டயர் வெடித்து ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நின்று, கோரைத்திட்டில் இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. முதலில் ஆபீசுக்கு ஓடினாள். அரியமுத்து நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டினான். எல்லாத் தோணிக்கும் நேரே கைநாட்டு, நீல மையில், வரிசை பிசகாமல்.

"பாத்தியா? ஒண்ணு விடாம குடுத்தாச்சு. இனிமே எவன் மோதினாலும் ஆபீசு மேல குத்தம் இல்ல."

அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை. கரைக்கு ஓடினாள்.

கருப்பண்ணனின் தோணி கிளம்பத் தயாராக நின்றது. செல்லதுரை இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலைவிரிகோலமாக, மூச்சு வாங்க, கையில் கருப்பு பார்டர் தாளோடு ஒருத்தி மணலில் ஓடி வருவதைக் கண்டதும் தோணியில் இருந்த ஆறு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கருப்பண்ணன் இறங்கி வந்தார். அறுபது வயசு, வெயிலில் வெந்த முகம். அவள் வாயைத் திறக்குமுன் தாளை மெதுவாக வாங்கி, முறைப்படி நாலாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டார்.

"யாரு தாயி தவறுனது?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவளுக்கு மூச்சு திரும்பவில்லை. அதற்குள் செல்லதுரை கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தான். "அக்கா, யாருக்கா? மாமாவா?" என்றவன் பதிலுக்குக் காத்திராமல் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அழுவாதப்பா," என்றார் கருப்பண்ணன். "நீ அக்காகூட ஊருக்குப் போ. தீட்டோட தோணி ஏறக் கூடாது. நாங்க அஞ்சு பேர வச்சு ஓட்டிக்கிறோம்."

அம்சவள்ளி திறந்த வாயை மூடிக்கொண்டாள். பேசாமல் நின்றால் போதும். யாரோ செத்ததாகவே இருக்கட்டும். தம்பி கரையில் இருப்பான், சாயங்கால பஸ்ஸில் அவனைக் கூட்டிப் போய்விடலாம். பதினைந்து நாளாகக் கத்தியும் ஒரு நாய் காது கொடுத்துக் கேட்கவில்லை, இனி யார் எங்கே போய் மோதினால் அவளுக்கென்ன? ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பிறகு வெட்கப்படவும் இல்லை.

ஆனால் கருப்பண்ணன் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து, "காலயில சாப்பிட்டியோ இல்லியோ, இதப் போட்டுக்க தாயி, தூரம் போவணும்," என்று நீட்டினார். பாழாய்ப்போன மனுஷன். அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் நிற்பதை அம்சவள்ளி பார்த்தாள். மற்ற ஐந்து பேரும் அப்படியே, அசையாமல், அவள் வாயையே பார்த்து நின்றார்கள். சாவுச் செய்தியை யாரும் குறுக்கே பேசிக் கெடுக்க மாட்டார்கள், கடைசிவரை கேட்பார்கள். அது அவளுக்குத் தெரியும். அவள் அப்பா செல்லமுத்து, பண்ணைக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் ஊர் ஊராய் நடந்து சாவு சொல்லப் போகிறவர். தெருமுனையில் செருப்பில்லாமல் நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பழையதுக்குக் கையேந்த வேண்டும். ஏழு வயசில் அவர் கூடப் போய் நின்றவள், செத்தாலும் இந்த வேலையை நம் குடும்பத்தில் ஒருத்தரும் செய்யக் கூடாது என்று வைராக்கியம் வைத்துத்தான் எழுத்துப் படித்தாள். அந்த எழுத்து இப்போது நாலு துண்டாகத் தண்ணீரில் மிதந்தது.

"சாவு சொல்ல வந்திருக்கேன்," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை, அப்பா குரல். "கோரைத்திட்டு பழைய வெளக்கு நாளன்னிக்கி ராத்திரி அணையுது. இனிமே எரியாது. அதுக்குப் பதிலா தெக்கால ஒன்றரை மைல்ல புது வெளக்கு. பழசு ஒருக்கா மின்னும். புதுசு அடுத்தடுத்து ரெண்டு மின்னு மின்னிட்டு இருட்டாயிடும். பழசுன்னு நெனச்சுத் திருப்புனா மணல்திட்டு. எல்லாரும் கேட்டுக்குங்க."

செல்லதுரை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். கருப்பண்ணன், "தெக்கால ஒன்றரை மைலு. ரெண்டு மின்னு," என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். ஆட்களைப் பார்த்து இன்னொருமுறை சொன்னார். அவர்களும் சொன்னார்கள். பிறகு அவருக்கு முகம் சிவந்தது.

"இதத்தான் அந்தக் கடுதாசியில எழுதியிருந்தானுவளா?"

"ஆமாங்க."

"படுபாவிப் பயலுவ. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவானுவ?"

செத்தது யாருமில்லை என்றால் தீட்டும் இல்லை. செல்லதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு தோணியில் ஏறினான். அவனை நிறுத்த அவளிடம் இனி ஒரு பொய்யும் இல்லை. "ரெண்டு மின்னுடா," என்றாள். "தெரியும் போக்கா," என்றான் அவன், ஆட்கள் முன்னால் அழுத கூச்சத்தில் திரும்பிப் பார்க்காமல்.

"இன்னிக்கிக் காலயில எத்தன தோணி போச்சுங்க?" என்று கருப்பண்ணனிடம் கேட்டாள்.

"பதினொண்ணு."

"அவுங்களுக்கு?"

அவர் கடலைப் பார்த்தார். "வழியில ஆப்புட்டா சத்தம் போட்டுச் சொல்றோம் தாயி," என்றார். அகப்படாவிட்டால் அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

கரையில் இன்னும் நாலு தோணி நின்றது. மிச்சமிருந்த ஒன்பது தாளையும் அம்சவள்ளி கசக்கி எறிந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். அடுத்த தோணிக்குப் பத்தடி தூரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"சாவு சொல்ல வந்திருக்கேன்," என்றாள். தோணியில் இருந்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.