தண்ணீர் அசையாத வண்டி

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நூறு சிசி மோட்டார் சைக்கிளின் அதிர்வு என்னும் கொடுங்கோலனை ஒழித்துக்கட்டும் திருப்பணி, மாடிப்படிக்குக் கீழே, ஒரு பழைய சாக்கின் மேல், ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபெற்று வந்தது. தலைமை தாங்கியவர் பேலன்ஸ்.

தொழிற்சாலையில் பெரிய காற்றாடிகளின் ஆட்டத்தைச் சரிசெய்கிறவர் என்பதால் வந்த பட்டப்பெயர். அதை அவர் அரசாங்கம் கொடுத்த பட்டமாகவே எடுத்துக்கொண்டார். டீக்கடை மேஜை ஆடினால்கூட, காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். ஆடுகிற எதற்கும் ஒரு காரணம் இருக்கும், காரணத்தைப் பிடித்தால் ஆட்டம் நிற்கும். அதுதான் அவருடைய வேதம்.

அப்பேர்ப்பட்டவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தையல் கம்பெனிக்குப் போய்வந்த மனைவி, ஒரு நாள் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க" என்றாள்.

வேறு யாராவது என்றால் மனைவியின் முதுகைப் பார்த்திருப்பார்கள். பேலன்ஸ் வண்டியைப் பார்த்தார்.

ஆராய்ச்சி தொடங்கியது. எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பின்சீட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து பார்ப்பார். முதல் நாள் தண்ணீர் கொதிப்பதுபோலத் துள்ளிச் சீட்டை நனைத்தது.

"பாத்தியா! உன் முதுகு தினமும் இதைத்தான் வாங்கியிருக்கு" என்றார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மிதப்பில்.

எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளை முறுக்கினார். பின்சக்கரத்துக்குள் நைந்துபோயிருந்த ரப்பர்களை மாற்றினார். ஷாக் அப்சார்பரைத் தளர்த்தினார். மெத்தைக்கடைக்காரரோடு மல்லுக்கட்டி வாங்கிய நுரையைச் சீட்டுக்குள் திணித்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு மனைவியை ஏற்றித் தெருமுனைவரை சோதனை ஓட்டம்.

"இப்ப எப்படி?"

நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறி, முட்டி தேய்ந்து நிற்கிற மனுஷனிடம் என்ன சொல்வாள்? "கொஞ்சம் தேவலைங்க" என்பாள். அவர் அதை நற்சான்றிதழாக வாங்கிக்கொண்டு அடுத்த பாகத்துக்குப் போவார்.

அவளுடைய தம்பி வந்திருந்தபோது, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தான். நேரே மாடிப்படிக்குக் கீழே போனான்.

"மாமா, வண்டிக்கு இவ்வளவு வைத்தியம் பாக்குறீங்களே, அக்காவை ஒரு டாக்டர்கிட்ட காட்டினா என்ன?"

"டாக்டர் என்ன செய்வான்? மாத்திரை குடுப்பான். வலி மறையும், அதிர்வு மறையுமா? மூலத்தைப் பிடிக்கணும்டா மச்சான்."

"அப்ப கொஞ்ச நாள் பஸ்ல போகட்டுமே."

"பஸ்ஸா! அது ஆடுற ஆட்டத்துல உங்கக்கா பொடிப்பொடியாப் போயிடுவா."

"நீங்க பேசுறதைக் கேட்டா எனக்கே முதுகு வலிக்குது மாமா."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, கை இடுப்புக்குப் போனது. பேலன்ஸ் அதைக் கவனித்தார். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் இன்னும் மாற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

தூக்கத்தில் அவள் முனகினால், பகலில் வாங்கிய அதிர்வு இன்னும் உடம்பில் ஓடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். வேறொரு எண்ணம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் காரணம் இருக்கிறவரை வேறெங்கும் அதைத் தேட வேண்டியதில்லை அல்லவா?

கடைசியில் அந்த நாளும் வந்தது. ஹேண்டில்பார் முனைகளில், அதிர்வை அடக்கவென்று தொழிற்சாலையில் கடைந்து எடுத்துவந்த இரும்பு எடைகள். எஞ்சின் ஓடியது. டம்ளரில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர், "உள்ள தண்ணி இருக்குதா சார்?" என்று விரலை விட்டே பார்த்துவிட்டார்.

பேலன்ஸ் எஞ்சினை அணைத்து, டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்தார்.

"வாம்மா. மகாராணி மாதிரி ஏறு."

அவள் அவர் தோளைப் பற்றி மெல்ல ஏறி உட்கார்ந்தாள். பற்றிய விரல்கள் சதைக்குள் இறங்கின.

"ஐயோ, முடியலைங்க. உயிர் போகுது. இறக்கிவிடுங்க."

பேலன்ஸின் கால் கிக்கரின் மேல் இருந்தது. அவர் இன்னும் உதைக்கவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டரம்மா, முதுகெலும்பில் ஓர் இடத்தை விரலால் வட்டமிட்டார். கட்டி. வேறெங்கிருந்தோ பரவிவந்து எலும்பை அரித்திருந்தது.

"வலி எப்போலேருந்து இருக்கு?"

அவள் வாயைத் திறக்குமுன் பேலன்ஸ் சொன்னார்: "பின்சக்கர ரப்பர் மாத்துறதுக்கு முன்னாடியிலேருந்து."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அது எந்த மாசம்?"

எடைகள், ஃபுட்ரெஸ்ட், சீட், ஷாக் அப்சார்பர் என்று அவர் விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனார். மனைவி அந்த விரல்களைப் பிடித்து மூடினாள்.

"ஒவ்வொரு தடவையும் தேவலைன்னு சொன்னது நான்தான் டாக்டர். அவரைத் திட்டாதீங்க."

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. இனி அவள் டூவீலரில் ஏறக் கூடாது என்று மட்டும் சொன்னார்.